ரூட்டரை மாற்றுவதற்கு முன்னால்...

கேள்வி: எங்கள் வீட்டில் ரூட்டர் முகப்பில் இருக்கிறது. உள்ளே வளவில் உட்கார்ந்து, சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது. சில சமயம் ரூட்டர் விளக்கெல்லாம் மொத்தமாக அணைந்து தானாகவே எரிகிறது. கடைக்காரர் பார்க்காமலே ‘போர்டு போச்சு, புதுசு வாங்குங்க’ என்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. சோதித்துப் பார்க்காமல் போர்டு போச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தொல்லைகள் கலந்திருக்கலாம், முதலில் அவற்றைப் பிரிப்போம்.

ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மகனிடம் பேசிப் பாருங்கள். அங்கே அறுபடாமல் பேச முடிந்தால், வளவில் அறுவதற்குக் காரணம் உங்கள் வீட்டுத் தடிச் சுவர்கள்தான்; வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை விட அதிகம் வலுவிழக்கும். இதற்குப் புது ரூட்டர் தீர்வில்லை. வளவு வரை லேன் கேபிள் இழுத்து (100 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம்) அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை அங்கிருந்து வைஃபையாகத் தரும் சிறு பெட்டி) வைத்தால் போதும்.

விளக்கு அணைந்து எரிகிறதே, அதுதான் வன்பொருள் விஷயம், அதில் நான் முதலில் சந்தேகப்படுவது அடாப்டரை. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) வயதாகித் தளர்ந்துவிட்டால், மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து ரூட்டரில் செருகாத வெறும் பின்னை அளக்கும்போது சரியாக 12 வோல்ட் காட்டும், ஆனால் ரூட்டர் முழு மூச்சில் கரண்டை இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல மெக்கானிக்குகள் ஏமாறுவது இங்கேதான். அதனால் மீட்டர் சரியாகக் காட்டினாலும் நம்பாமல், வேறு அடாப்டர் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பின் அளவும் பிளஸ் மைனஸ் குறியும் பொருந்த வேண்டும். அடாப்டரை மட்டும் பிரிக்காதீர்கள், உள்ளே 230 வோல்ட் வருகிறது.

ரூட்டரின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் அதன் செட்டிங்ஸ் பக்கம்) ‘அப்டைம்’ என்று ஒன்று, அதாவது ரூட்டர் கடைசியாக ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு, பல மாடல்களில் இருக்கும். கால் அறுந்ததும் அதைப் பாருங்கள். சில நிமிடம்தான் காட்டினால் ரூட்டர் அணைந்து எழுந்திருக்கிறது. பல மணி நேரம் காட்டினால் ரூட்டர் அணையவே இல்லை, லைனையோ சுவரையோதான் பார்க்க வேண்டும். ஃபைபர் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் லைன் கோளாறு, சேவை தருபவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அடாப்டர் மாற்றியும் அணைகிறதா? மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்துக் காற்றுப் பட வையுங்கள், சூடும் ஒரு காரணம். அப்புறமும் நிற்கவில்லை என்றால் போர்டு மேல் சந்தேகப்படுவது நியாயம், அப்போது மாற்றலாம். வாரண்டி இருக்கிறதா என்று பில்லைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இடையில் யாராவது ரீசெட் பட்டனை அழுத்தச் சொன்னால், இணைப்புக்கான யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அழுத்துங்கள். ரீசெட் செய்தால் அவை அழிந்துவிடும்.