மீட்டர் 60 காட்டுது, வண்டி மலையில் நிக்குது!

தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்லாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். 48 வோல்ட், 24 ஏஎச் லித்தியம் பேட்டரி. தினமும் முருங்கைக்காய், கீரை ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போகிறேன். லோயர்கேம்ப் தாண்டி ஏற்றத்தில் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. மீட்டரில் 60 சதவீதம் இருக்கிறது. சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. கடைக்காரர் 40 ஏஎச் பேட்டரி போடச் சொல்கிறார். போடலாமா?"

அவசரப்படாதீங்க தம்பி. உங்கள் வண்டியில் சார்ஜ் போதவில்லை என்பது இல்லை பிரச்சினை. நீங்கள் ஏறுகிற அதே மலையில்தான் பவர்ஹவுசுக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்கள் கிடக்கின்றன, தினமும் பார்ப்பீர்கள். மேலே அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, குழாய் வழியாக ஒரு நொடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு கணக்கு. முதலாவது ஆற்றல், ஏஎச் (ஆம்பியர்-அவர்) என்பதை வோல்ட்டால் பெருக்கினால் கிடைப்பது அது, வாட்-அவரில் சொல்வோம். இரண்டாவது திறன், அதாவது வாட். ஒரு கிலோ பேட்டரி எத்தனை வாட் கொடுக்கும் என்பதைத்தான் திறன் அடர்த்தி என்கிறோம். கடைக்காரர் அணையைப் பெரிதாக்கச் சொல்கிறார், உங்களுக்கு இடிப்பது குழாய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி, நீங்கள், மூட்டை எல்லாம் சேர்த்து 250 கிலோ, ஏற்றம் 450 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையைத் தூக்க 300 வாட்-அவர் சொச்சம், டயரும் மோட்டாரும் தின்பதைச் சேர்த்தால் 500. 48-ஐ 24-ஆல் பெருக்கினால் உங்களிடம் 1,150 இருக்கிறது, தாராளம். ஆனால் நூற்றுக்கு ஏழு ஏறும் சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பேட்டரியிலிருந்து 2,000 வாட் வேண்டும், 48 வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 40 ஆம்பைத் தாண்டும். இந்த அளவு பேட்டரிகளில் நான் பிரித்துப் பார்த்த பலவற்றிலும் பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட், தாங்குவது 30 ஆம்ப்தான். தாண்டினால் அது மின்சாரத்தை அறுத்துவிடும், அறுக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை நின்றதும் சாவியைத் தொடாமல் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து அணைந்திருந்தால் பெரும்பாலும் பேட்டரி அறுத்திருக்கிறது. டிஸ்ப்ளே எரிந்துகொண்டே வண்டி இழுக்கவில்லை என்றால் கன்ட்ரோலரோ (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடும் பெட்டி) மோட்டாரோ சூடாகியிருக்கும், அதற்கு 40 என்ன, 100 ஏஎச் போட்டாலும் காசு தண்டம்.

பெரிய பேட்டரி உதவும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைக்காரர் என்னைப் பொய்யனாக்குவார். டிஸ்ப்ளே அணைகிறது, புதிய பேட்டரியில் அதே ரக செல்கள் பக்கவாட்டில் கூடுதலாக இருக்கின்றன, அப்போது பத்துப் பேர் தூக்கிய மூட்டையைப் பதினாறு பேர் தூக்குகிற மாதிரி ஒவ்வொரு செல்லுக்கும் பாரம் குறையும். ஆனால் செல் கூடினால் மட்டும் போதாது. பிஎம்எஸ் தொடர்ச்சியாக 50 ஆம்ப் தாங்க வேண்டும், வயரும் கனெக்டரும் அதற்கேற்ற தடிமன் வேண்டும். "60 ஆம்ப் பீக்" என்று லேபிளில் போட்டிருப்பது சில நொடிக்கான கணக்கு, குமுளி ஏற்றம் சில நொடியில் முடிகிறதா? "கன்டினியூஸ் எவ்வளவு" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர முடியாது என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பழைய செல்லைச் சுரண்டி எடுத்துப் புது நீலப் பிளாஸ்டிக் சுற்றி விற்கும் புரோக்கர்கள் நம் பள்ளத்தாக்கில் சுற்றுகிறார்கள். 48 வோல்ட் 40 ஏஎச் என்றால் 1,920 வாட்-அவர். நியாயமான பேக் பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல் இருக்கும், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரகமானால் இன்னும் கூட. உங்கள் கீரைத் தராசிலேயே வைத்துப் பாருங்கள். 8 கிலோ காட்டினால் லேபிளைச் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள், உள்ளே இருப்பது செத்த செல்லாகவும் இருக்கலாம்.

அப்புறம் இந்த ரிஜிஸ்ட்ரேஷன் விவகாரம். மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25-ஐத் தாண்டாது என்றால்தான் அந்தச் சலுகை. 250 வாட் உங்கள் பாரத்தை அந்த ஏற்றத்தில் இழுத்தால் மாடு நடக்கிற வேகம்தான் கிடைக்கும், மணிக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். ஆக, அதைவிட வெகு வேகமாக ஏறுகிறீர்கள் என்றால் உங்களுக்கு விற்றதே வேறு மோட்டார். கடையில் வண்டியை இறக்கும்போது அளந்து பார்க்க ஒருத்தரும் வருவதில்லை. செக்போஸ்ட்டில் கைகட்டி நிற்பது மட்டும் நீங்கள். இதில் "கன்ட்ரோலர் ஆம்பையும் கூட்டிவிடலாம் சார்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்து என்று ஆனால் ஒரு இன்சூரன்ஸ்காரனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

இப்போதைக்கு மூட்டையை இரண்டு நடையாகப் பிரித்து, ஏற்றத்தில் 15-ஐத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள். ஆம்ப் 25-க்குள் அடங்கும். பாதியில் நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் ஆறவிட்டுக் கிளம்புங்கள். டிஸ்ப்ளே அணைந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அதுவரை கடைக்காரருக்கு அட்வான்ஸ் வேண்டாம்.