வாசகர் கேள்விகள்: குணச்சித்திர நடிகை தெல்மா ரிட்டர்

கேள்வி: ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தை அண்மையில் பார்த்தேன். கால் முறிந்து கிடக்கும் நாயகனுக்கு முதுகு தேய்த்துவிட்டபடியே அவரைக் கண்டிக்கும் செவிலியாக நடித்தவர் யார்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அவர் தெல்மா ரிட்டர். 1902 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். முறையாக நாடகப் பயிற்சி பெற்று மேடையேறிய அவர், 1927இல் ஜோசப் மோரன் என்பவரை மணந்துகொண்டார். கணவரும் நடிகராக இருந்து விளம்பரத் துறைக்குப் போனவர்தாம். இரண்டு குழந்தைகளை வளர்ப்பதற்காக ரிட்டர் நடிப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். 1940களில் வானொலி நாடகங்களின் வழியே மெல்லத் திரும்பி வந்தார்.

அவருடைய முதல் படமான 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' 1947இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 45. மகன் கேட்ட பொம்மைத் தீயணைப்பு வண்டியைத் தேடிக் கால் கடுத்துப்போய்க் கடையில் நிற்கும் ஒரு தாயின் வேடம் அது. படத்தில் பெயர்கூடப் போடவில்லை. அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த பிறகு, ஃபாக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் டாரில் சானக் அந்த வேடத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு வாய்ப்புகள் குறையவில்லை.

நீங்கள் குறிப்பிட்ட செவிலி ஸ்டெல்லாவை இன்னொரு முறை பார்க்கும்போது அவருடைய கைகளைக் கவனியுங்கள். வெப்பமானியை நாயகனின் வாயில் வைப்பது, முதுகைத் தேய்ப்பது, காலை உணவை எடுத்து வைப்பது என்று வேலை ஒருபக்கம் நடந்துகொண்டே இருக்க, அறிவுரையும் கேலியும் தாமாக வந்து விழுகின்றன. எதிர்வீட்டுக்காரன் மனைவியின் உடலை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியில்தானே இரத்தத்தைக் கழுவிவிட முடியும் என்று அவர் வெகு சாதாரணமாக விளக்க, எதிரில் சாப்பிட உட்கார்ந்த நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு உணவு இறங்க மறுக்கிறது. ஸ்டெல்லாவின் பேச்சை நாம் நம்புவதற்குக் காரணம், வேலை செய்து பழகிய பெண்ணின் உடம்பு அவரிடம் இருப்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: அவர் ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடப் பெறவில்லை என்று படித்தேன். இது அநீதி இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: ஆறு பரிந்துரைகளும் சிறந்த துணை நடிகைக்கானவை, 1950, 1951, 1952, 1953, 1959, 1962 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்காகக் கிடைத்தவை. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றுத் தொடர்ந்து நான்கு முறை வெறுங்கையுடன் திரும்பியவர் அவர். ஆறையும் ஒரே தட்டில் வைத்து அநீதி என்று சொல்ல மாட்டேன். 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில், ஈவ் என்ற பெண் கண்ணீரோடு சொல்லும் கதையை எல்லாரும் உருகிக் கேட்க, ஒப்பனை அறைப் பணிப்பெண்ணான பெர்டி மட்டுமே முதலில் சந்தேகப்படுகிறாள். அருமையான வேடம்தான், ஆனால் படத்தின் பிற்பாதியில் கதாசிரியர் அவளை மறந்தேபோகிறார். 'தி மேட்டிங் சீசன்' படத்தில், மருமகளே மாமியாரைச் சமையற்காரி என்று தவறாக எண்ணிக்கொள்ள, அதைத் திருத்தாமல் மகன் வீட்டில் வேலை செய்யும் தாயாக நடித்தார். கதையைத் தாங்கி நிற்பவர் அவர். துணை நடிகை என்ற பிரிவே அங்கே பொருந்தவில்லை.

ஆனால் 1953ஆம் ஆண்டின் தோல்வியை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டு விருது 'ஃபிரம் ஹியர் டு எடர்னிட்டி' படத்துக்காக டோனா ரீடுக்குப் போனது. ரிட்டர் நடித்திருந்தது சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. தெருவில் கழுத்துப்பட்டி விற்றுக்கொண்டே, காவல்துறைக்குத் துப்புச் சொல்லிப் பிழைக்கும் மோ என்ற முதியவள் வேடம். அநாதைப் பிணமாகப் பொது மயானத்தில் புதைக்கப்படக் கூடாது, தனக்கென்று ஓரிடமும் ஒரு கல்லும் வேண்டும் என்பதற்காகவே அவள் காசு சேர்க்கிறாள். அவள் காட்டிக்கொடுத்த பிக்பாக்கெட்காரன்கூட, அவளும் சாப்பிட வேண்டாமா என்று சொல்லிக் கோபப்படாமல் விட்டுவிடுகிறான்.

ஓரிரவு அலைந்து களைத்து அறைக்குத் திரும்பும் அவள் இசைத்தட்டைச் சுழலவிடுகிறாள். அங்கே துப்பாக்கியோடு ஒருவன் காத்திருக்கிறான். பிக்பாக்கெட்காரனின் முகவரி வேண்டும் அவனுக்கு. பணத்துக்காக எதையும் விற்றவள் இதை மட்டும் விற்க மறுக்கிறாள். தான் எவ்வளவு களைத்துவிட்டேன் என்பதை, கெஞ்சலோ வீராப்போ இல்லாமல், நாள் முழுக்க உழைத்தவர் வீட்டில் பேசும் குரலில் அவனிடம் சொல்கிறாள். அவள் முகத்தை விட்டு விலகி இசைத்தட்டின் பக்கம் கேமரா நகர்கிறது; வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இரக்கத்தைக் கேட்டு வாங்காத நடிப்பு அது. அந்தக் காட்சிக்கு நிகரான ஒன்றை அந்த ஆண்டின் வேறு எந்தத் துணை வேடத்திலும் நான் காணவில்லை.

மேடை உலகம் அவரைக் கைவிடவில்லை. 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக 1958இல், அதே நாடகத்தில் நடித்த க்வென் வெர்டனுடன் சேர்ந்து டோனி விருதைப் பெற்றார்.

கேள்வி: அவருடைய கடைசிக் காலம் எப்படி இருந்தது? எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்? (வாசகர், கோவை)

பதில்: 1960களிலும் நடித்துக்கொண்டுதான் இருந்தார். 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' படத்தில், தூக்குத்தண்டனையிலிருந்து மகனை மீட்கப் போராடி, பின்னர் அவன் வேறொரு பெண்ணை மணந்ததும் அவனையே உதறிவிடும் தாயாக வந்தார். அவருடைய வழக்கமான நகைச்சுவையின் சாயல்கூட இல்லாத, அச்சமூட்டும் வேடம் அது. 1969 பிப்ரவரி 5 அன்று, 67ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, மாரடைப்பால் நியூயார்க்கில் காலமானார். 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' 80 நிமிடப் படம்தான், அதிலிருந்தே தொடங்குங்கள். மோ இறந்த பிறகு அவளுடைய சவப்பெட்டிக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டும் காட்சியைத் தவறவிடாதீர்கள்.