கரகரத்தது தொண்டையா, மைக்கா?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை வீடியோவில் பார்த்தேன். ஓடுவதே 2 மணி நேரம்தான். நாரதருக்குக் கரகர குரல். வள்ளி சுருதியில் நிற்கவில்லை. முகபாவமெல்லாம் மிகை. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்துக்கா இந்தக் கதி?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: நீங்கள் மார்க் போட்டது நடிகர்களுக்கா, வீடியோக்காரருக்கா?

மிருதங்கத்தைக் கேளுங்கள். இடப்பக்கத் தொப்பியின் ‘கும்’ காணாமல் போய் வலப்பக்க வலந்தலை மட்டும் தகரமாக ஒலித்தால், கேமராவில் உள்ள மைக் கூம்பு ஸ்பீக்கரைப் பிடித்திருக்கிறது. கூம்பில் கனத்த கீழ் ஒலி வராது. யார் பாடினாலும் மூக்கால் பாடுவது போலத்தான் இருக்கும். ஸ்பீக்கருக்கு 34 மீட்டர் தள்ளி கேமரா நின்றால் ஒலி 0.1 விநாடி பிந்தும். வாய் முந்திக்கொள்வதைத் தாளக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

கரகரப்பு உச்சத்தில் மட்டும் வந்து, அதே நொடியில் ஆர்மோனியமும் கிழிந்தால் குற்றவாளி மைக் செட். மெதுவாகப் பேசும் வசனத்திலும் இருந்தால் தொண்டை. இன்னொன்று, கேமரா தானாகவே சன்ன ஒலியைத் தூக்கும், உரத்ததை அமுக்கும். மெல்ல எடுத்து ஏறி நிற்பதுதானே, தாளக்கட்டின்றிப் பாடும் விருத்தத்தின் அழகு? அது தட்டையாகிப் போனதற்குப் பாடியவர் என்ன செய்வார்!

சுருதி பார்க்கவும் அந்த விருத்தமே தோது. பாட்டின் அடி முடிந்து குரல் ஆதார ஸ்வரமான சட்ஜமத்தில் (‘ஸ’) நிற்கும்போது ஆர்மோனியத்தோடு ஒட்டுகிறதா? நடுவில் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆர்மோனியக் கட்டைக்கு அசையத் தெரியாது. நின்ற இடத்தில் விலகினால் வள்ளியைத் தாராளமாகக் குறை சொல்லலாம். ஆனாலும் இதுபோன்ற ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டவர்கள், ஒத்திகை கிடையாது. இருவர் பாட்டாலேயே வாதாடும் தர்க்கப் பாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே சுருதி. சுருதியை 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) வைத்தால் ஆண் முக்க வேண்டும்; 1 கட்டைக்கு இறக்கினால் பெண்ணுடைய கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்று. யாருக்காகக் கட்டை வைத்தார்கள் என்றும் பாருங்கள்.

பொட்டலின் கடைசி வரிசைக்காகப் பூசிய அரிதாரத்தையும் விரித்த கண்ணையும் குளோசப்பில் பார்த்துவிட்டு ‘மிகை’ என்றால் எப்படி? என் புகார் வேறு. தர்க்கத்தில் ஒருவர் மடக்கும்போது, மாட்டிக்கொண்டவர் முகத்தில்தான் நாடகம் இருக்கிறது. கேமரா பாடுகிறவரையே முறைத்துக்கொண்டிருந்தால் பாதி தர்க்கம் போச்சு. இருவரும் ஓரத்து ஆர்மோனியக்காரரும் சேர்ந்து தெரியும் பகுதியை வைத்து மட்டும் மேடையை எடை போடுங்கள்.

சுவாமிகளின் பாட்டு எத்தனை, சினிமா மெட்டு எத்தனை என்று எண்ணுங்கள். நடிகர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் விடிய விடிய நடந்ததை 2 மணி நேரமாக்கியது அவர்களல்லவே. காட்சி மாறும் இடங்களில் மிருதங்கம் பாதி அடியில் அறுகிறதா? அப்படியானால் கத்தரி வைத்தவர் எடிட்டர். முழு ஃபைலையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.