காலையில் வெள்ளைப் புகை தள்ளி, டீசல் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஸ்டார்ட் ஆகும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் போய்விட்டதா?

இருக்கலாம். ஆனால் பிளக்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் நான்கு பிளக்கின் தலையையும் சேர்க்கும் உலோகப் பட்டையை எடுங்கள். அதோடு அளந்தால் செத்த பிளக்கும் உயிரோடு இருப்பதாகவே காட்டும். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆறிய எஞ்சினில், மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக் தலையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். 12 வோல்ட் பிளக் பெரும்பாலும் 0.5 முதல் 2 ஓம் காட்டும். எண்ணே வராவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது.

நான்கும் சரியா? பட்டையை மாட்டி, சாவியைத் திருப்பியதும் அதில் வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே (பிளக்குக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பக்கம் போங்கள்.

தயவுசெய்து பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பார்க்காதீர்கள். புது எஞ்சின்கள் பலவற்றில் 5 வோல்ட்டை ஒட்டி வேலை செய்யும் பிளக். 12 வோல்ட் தொடர்ந்து கொடுத்தால் எரிந்துவிடும்.