வாசகர் கேள்வி–பதில்: மலைத் தைலங்களும் ஆஸ்பத்திரிக் கிருமிகளும்

(பதில் அளிப்பவர்கள்: நுண்ணுயிரியல், மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுத் துறையினர்)

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்துள்ளது. எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத கிருமி, யூகலிப்டஸ் தைலம் தடவினால் செத்துவிடும் என்கிறார் உறவினர். தடவலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: தடவாதீர்கள். முதலில் அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கு எதிரேயும் 'எஸ்' அல்லது 'ஆர்' என்று போட்டிருக்கும். 'எஸ்' என்றால் மருந்து கேட்கும். 'ஆர்' என்றால் கேட்காது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது மெத்திசிலின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி. செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 'ஆர்' வந்திருப்பதை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பென்சிலின் வகையும், செஃபலோஸ்போரின்களில் அநேகமாக எல்லாமும் இதற்குப் பயன்படாது. வான்கோமைசின், லினிசோலிட் வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் 'எஸ்' இருக்கும். மருந்தே இல்லை என்று சொல்வது சரியல்ல. சீழ் மேல்தோலோடு நிற்கிறதா, மூட்டுக்குள் போய்விட்டதா என்பதை சர்ஜன் உடனே பார்க்க வேண்டும். தைலம் போட்டுக் காத்திருந்தால் அந்த நாட்கள்தான் வீணாகும்.

இனி தைலத்தின் விஷயம். யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பங்கு சினியோல். மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் கிருமியைக் கொல்வதில் கிராம்பிலுள்ள யூஜினாலுக்கும் தைம் மூலிகையில் உள்ள தைமாலுக்கும் வெகு பின்னால் நிற்கிறது. திறந்த காயத்தில் பட்டால் எரியும், ஆறத் தொடங்கிய சதையையும் கெடுக்கும்.

நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்த தைலம் டீ ட்ரீ ஆயில். இது நம் தேயிலைச் செடியிலிருந்து வருவதல்ல, ஆஸ்திரேலியாவின் மெலலூக்கா மரத்து இலையில் எடுப்பது. 2004இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், உடம்பில் எம்.ஆர்.எஸ்.ஏ. தங்கியிருந்தவர்களுக்கு மூக்கில் 10 சதவீத டீ ட்ரீ கிரீமும் குளிக்க 5 சதவீத வாஷும் கொடுத்தார்கள். 41 சதவீதம் பேரிடம் கிருமி நீங்கியது. வழக்கமான சிகிச்சையில் 49 சதவீதம். மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் வழக்கமான முபிரோசின் களிம்பில் 78 சதவீதம், தைலத்தில் 47. தோலில் தைலம் சற்று நன்றாகவே வேலை செய்தது. கவனியுங்கள்: இது தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் கிருமியை அகற்றும் முயற்சி. சீழ் வைத்த ஆபரேஷன் காயத்துக்கான வைத்தியம் அல்ல.

காரணம் அளவுதான். எம்.ஆர்.எஸ்.ஏ.வின் வளர்ச்சியைத் தடுக்க டீ ட்ரீ ஆயில் சோதனைக் குழாயில் ஏறத்தாழ 0.25 சதவீதம் தேவை. அதாவது லிட்டருக்கு 2 கிராமுக்கும் மேல். வான்கோமைசின் லிட்டருக்கு 2 மில்லிகிராமிலோ அதற்குக் குறைவாகவோ தடுத்தால்தான் 'எஸ்' என்று எழுதுவார்கள். இடைவெளி ஆயிரம் மடங்கு. பெரியவர் உடம்பில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்தில் 10 கிராம் தைலத்தைக் கலந்தால் கிருமிக்கு முன் ஆள் போய்விடுவார். "தைலம் கிருமியைக் கொன்றது" என்று எங்கே படித்தாலும், எத்தனை சதவீதத்தில் என்று தேடிப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: டிரெஸ்ஸிங் மூடியே இருக்கட்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்பால் கழுவுங்கள். அப்பாவின் துண்டை யாரும் பகிர வேண்டாம். கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகக் கிராம்பு, லெமன்கிராஸ், யூகலிப்டஸ் தைலங்களை எம்.ஆர்.எஸ்.ஏ., கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் மீது டிஸ்க் முறையில் சோதிக்கிறேன். ஒவ்வொரு முறையும் வட்டத்தின் அளவு மாறுகிறது. ஏன்?
– மாணவர், ஊட்டி

பதில்: மருந்து தோய்த்த காகித வில்லையைக் கிருமி பரப்பிய அகாரில் வைத்து, கிருமி வளராத வட்டத்தை அளக்கும் டிஸ்க் முறை தண்ணீரில் கரையும் மருந்துகளுக்கு ஏற்பட்டது. தைலம் அகாருக்குள் சரியாகப் பரவாது. பாதி ஆவியாகி மூடியில் போய்ப் படியும். பெரிய வட்டம் வந்த தைலம்தான் வலுவானது என்று எழுதினால் தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார். டிஸ்க்கை முதல் வடிகட்டலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ப்ராத் மைக்ரோடைல்யூஷனில், அதாவது திரவ ஊடகத்தில் தைலத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்யும் முறையில், எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) எடுங்கள்.

முல்லர் ஹின்டன் ப்ராத்தில் தைலத்தை நீரோடு கலக்க உதவும் ட்வீன் 80 என்ற பொருளை 0.5 சதவீதம் சேர்த்து, அதில் 8 சதவீதத் தைலத்தை வோர்டெக்ஸில் நன்றாகக் கலக்குங்கள். 96 குழிப் பிளேட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் வீதம் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போங்கள். பால்போன்ற கலவை நிமிடங்களில் பிரிந்து தைலம் மேலே மிதக்கும். ஒவ்வொரு முறையும் பைப்பெட்டால் ஏற்றி இறக்கிவிட்டு எடுக்காவிட்டால் வரிசை முழுக்கத் தப்பாகும். கிருமிக் கரைசலை 0.5 மெக்ஃபார்லாண்டு என்ற கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து 150 மடங்கு நீர்த்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் கிருமி நிற்கும். தைலம் 4 சதவீதத்தில் தொடங்கி இறங்கும். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம்.

தைலக் கலங்கல் இருப்பதால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. 0.015 சதவீத ரெசாசூரின் சாயம் 30 மைக்ரோலிட்டர் விட்டு ஓரிரு மணி நேரம் வையுங்கள். நீலமாகவே நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் கிருமி உயிரோடு இருக்கிறது. நீலக் குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்துத் தைலமில்லாத அகாரில் போட்டுப் பார்த்தால்தான் கொன்றதா, வெறுமனே தடுத்ததா என்று தெரியும்.

ட்வீன் மட்டும் உள்ள குழி, கிருமி மட்டும் உள்ள குழி, ப்ராத் மட்டும் உள்ள குழி மூன்றும் கட்டாயம். ட்வீனைக் கூட்டிவிடாதீர்கள், அது தைலத்தைத் தன்னுள் கட்டிவைத்து எம்.ஐ.சி.யை உயர்த்திக் காட்டும். தைலத்தின் ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவுவதால் பிளேட்டை ஃபிலிம் ஒட்டி மூடுங்கள். கன்ட்ரோல் குழிகளை வலுவான குழிகளுக்கு அருகில் வைக்காதீர்கள். கிராம்பு தைலம் பாலிஸ்டைரின் பிளேட்டையே மங்கச் செய்யும்; அதற்குப் பாலிபுரோப்பிலீனோ கண்ணாடிக் குழாயோ தேவை.

சூடோமோனாஸ் அசையாவிட்டால் சோதனை தப்பு என்று நினைக்க வேண்டாம். தைலம் கிருமியின் சவ்வில் கரைந்து அதை ஓட்டையாக்கி, உள்ளிருக்கும் பொட்டாசியத்தைக் கசியவிட்டுக் கொல்கிறது. கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு; சூடோமோனாஸோ உள்ளே நுழைந்ததையும் பம்ப் வைத்து வெளியேற்றும். எம்.ஆர்.எஸ்.ஏ. சாதாரண ஸ்டாஃபைலோகாக்கஸைப் போலவே தைலத்துக்குப் பணிவதற்கும் காரணம் உண்டு: மெத்திசிலினைத் தோற்கடிக்கும் அதன் மாற்றம் செல்சுவரைக் கட்டும் என்சைமில் இருக்கிறது, தைலம் தாக்குவது சவ்வை.

தைலத்தில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராஃபி) அறிக்கையையும் லாட் எண்ணையும் ஆய்வேட்டில் சேருங்கள். கிருமி வளர்த்த எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் தரை துடைக்கும் 10 லிட்டர் வாளியில் ஒரு மூடி நீலகிரித் தைலம் விடுகிறோம். போதுமா?
– செவிலியர், கோத்தகிரி

பதில்: மணத்துக்குப் போதும், கிருமிக்குப் போதாது. ஒரு மூடி 10 மில்லி என்றே வைத்துக்கொண்டாலும் 0.1 சதவீதம்தான்; அதுவும் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை லிட்டருக்கு 20 மில்லி கலந்து துடையுங்கள். ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த கரைசலை ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அன்றன்று கலக்க வேண்டும். இதோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். தைலம் சேர்ந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும்.

உங்கள் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் மாப் காய்வதே இல்லை. ஈர மாப்பில் சூடோமோனாஸ் பெருகி, துடைக்கத் துடைக்க வார்டு முழுக்கப் பரவும். மாப் தலைகளை இரண்டு மூன்று செட் வைத்து, கழுவி, சூடான அறையில் முழுக்கக் காயவைத்து மாற்றிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சளிக்கும் தொற்றுக்கும் விண்டர்கிரீன் தைலம் சில சொட்டு உள்ளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: கூடவே கூடாது. 5 மில்லியில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான சாலிசிலேட் இருக்கிறது. ஒரு ஸ்பூன் குழந்தையின் உயிரை எடுக்கும். யூகலிப்டஸ் தைலமும் குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: தைம் பயிரிடுகிறோம். தைலம் எடுத்து மருத்துவமனைகளுக்குக் கிருமிநாசினியாக விற்கலாமா?
– விவசாயி, ஊட்டி அருகே

பதில்: நல்ல எண்ணம். தைமாலை மூலப்பொருளாகக் கொண்ட கிருமிநாசினிகள் அமெரிக்காவில் அரசுப் பதிவு பெற்று விற்பனையாகின்றன. ஆனால் அவை அளவு குறித்துத் தயாரித்து, எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று சோதித்தவை. உரிமம் இல்லாமல் கிருமியைக் கொல்லும் என்று லேபிள் ஒட்டுவது சட்டப்படி குற்றம். இப்போதைக்கு தைமால் சதவீதம் காட்டும் ஜி.சி. அறிக்கையோடு மூலப்பொருளாக விற்கப் பாருங்கள். தைமில் தைமாலே இல்லாத வகைகளும் உண்டு, ஆகவே நாற்று வாங்கும்போதே கேளுங்கள். எடுத்த தைலத்தை நீர் நீக்கி, பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். பாதிப் பாட்டிலில் நிற்கும் காற்று தைலத்தைக் கெடுக்கும்.