ஸ்பைடருக்கு எந்த உடம்பு?

வணக்கம் சார்,

எனக்கு வயது 47. சின்ன வயதில், தமிழில் வந்த லயன் காமிக்ஸ் இதழின் வில்லன் நாயகன் ஸ்பைடர் என்றால் உயிர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு). அவனுக்கு ஒரு பொம்மை எங்கேயாவது கிடைக்குமா என்று ரொம்ப நாள் தேடினேன். கிடைக்கவில்லை. நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். அக்கா பையன் விளையாடித் தீர்த்த ஆறு இஞ்ச் சூப்பர் ஹீரோ பொம்மைகள் மூன்று, கை கால் போனவை, வீட்டில் கிடந்தன. அதில் நல்ல கட்டான உடம்பாக ஒன்றை எடுத்து, இன்னொன்றின் தலையைப் பொருத்தி, முழுக்கக் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். பத்து நாள் ஆகியும் பெயிண்ட் விரலில் ஒட்டுகிறது. அதைவிட வருத்தம், பார்க்க ஸ்பைடர் மாதிரியே இல்லை. கறுப்பு உடை போட்ட யாரோ ஒரு நல்லவன் மாதிரி நிற்கிறான். முகத்தை மூன்று முறை அழித்து வரைந்துவிட்டேன். எங்கே தப்பு செய்கிறேன்?

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்

*

அன்புள்ள நண்பருக்கு,

முகத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தப்பு கழுத்துக்குக் கீழே இருக்கிறது.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, பொம்மைக்குப் பின்னால் டார்ச்சை வைத்து, சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். அகன்ற தோள், நிமிர்ந்த நெஞ்சு, ஒடுங்கிய இடுப்பு. அந்த நிழலை யாரிடம் காட்டினாலும் வில்லன் என்று சொல்ல மாட்டார்கள். நிழலில் தெரியாத வில்லனைப் பெயிண்டால் கொண்டுவர முடியாது. நான் இதைத் தெரிந்துகொள்ள நாலைந்து பொம்மைகளைக் கெடுக்க வேண்டியிருந்தது.

காமிக்ஸ் ஓவியர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். 1963இல் ஸ்பைடர்மேன் இதழ்கள் தொடங்கியபோது ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் வில்லன்களை எடுத்துக்கொள்ளுங்கள். வல்ச்சர் சிறகு கட்டிய வழுக்கைக் கிழவர். டாக்டர் ஆக்டபஸ் கண்ணாடி போட்ட குண்டு மனிதர், இடுப்பிலிருந்து நான்கு உலோகக் கைகள். இருவருக்கும் கண், மூக்கு, வாய் எதுவும் வேண்டாம். உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஆனால் பொம்மை விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஒவ்வோர் உடம்புக்கும் தனி அச்சு செய்வது பெரிய செலவு என்பதால் ஒரே உடம்பைப் பலருக்குத் தைத்துவிடுவார்கள். 1982இல் மேட்டல் என்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி கொண்டுவந்த ஹீ-மேன் வரிசையில் பீஸ்ட் மேன் வில்லன், ஸ்ட்ராட்டோஸ் நல்லவன். இரண்டு பேருக்கும் ஒரே ரோம உடம்புதான். ஒருவனுக்கு ஆரஞ்சு நிறம், மார்புக் கவசம், விலங்கு முகம்; இன்னொருவனுக்குச் சாம்பல் நிறம், கைகளில் சிறகு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. சிறகையும் கவசத்தையும் சேர்த்து நிழலையே மாற்றினார்கள். ஹீ-மேன் பிறந்த கதையும் இப்படித்தான். மேட்டலில் வேலை பார்த்த ரோஜர் ஸ்வீட், அதே கம்பெனியின் பிக் ஜிம் பொம்மையை எடுத்து, களிமண்ணை அப்பித் தசையை ஏற்றித்தான் முதல் மாதிரியைக் காட்டினார். நீங்கள் உங்கள் மேஜையில் செய்ய நினைத்ததும் அதே வேலைதான். வீட்டில் யாராவது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, ஸ்பைடருக்கு வருவோம். அவன் பிறந்த இடம் இங்கிலாந்து. 1965இல் அங்கே வந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகையின் பெயரும் லயன்தான். டெட் கோவன் எழுதினார், ரெஜ் பன் வரைந்தார். கொஞ்ச நாளில் எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகலிடம் போனது. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். நிமிர்ந்த நெஞ்சுக்காரனை உலகத்துக்குக் கொடுத்தவர், இந்த ஒல்லிக்கும் கதை எழுதியிருக்கிறார். உங்களிடம் பழைய இதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரெஜ் பன் வரைந்த உடம்பில் தசையே கிடையாது. நெடுநெடுவென்று உயரம், நீண்ட முகம், மேலே கூராக எழும் காது, நெற்றியில் முக்கோணமாக இறங்கும் முடி. கூர்மண்டையன் என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. தலை, காது, விரல் என்று எல்லாமே முனையில் போய் முடிகிற உருவம் அது. நீங்கள் அவனுக்கு ஒரு பயில்வான் உடம்பைக் கொடுத்துவிட்டீர்கள்.

அதனால் அந்தக் கட்டான உடம்பை எடுத்து வையுங்கள், வேறு எதற்காவது உதவும். மிச்சமிருக்கும் இரண்டில் எது ஒல்லி என்று பாருங்கள். இரண்டுமே தடிமன் என்றால் பழைய பொம்மை விற்பவர்களிடம் கை கால் இல்லாத ஸ்பைடர்மேன் உடம்பைக் கேளுங்கள். பையன் உடம்பு என்பதால் அது மெலிந்திருக்கும், மூட்டுகளும் நிறைய இருக்கும். இன்னும் நல்ல நிலையில் இருக்கிற, யாராவது பத்திரமாக வைத்துக்கொள்ளக்கூடிய பொம்மையை இதற்காக உடைக்காதீர்கள். உடைந்தது போதும்.

பெயிண்ட் ஒட்டுவதற்குக் காரணம் சொல்கிறேன். தலையும் கையும் பெரும்பாலும் மென்மையான பி.வி.சி. அதை வளையச் செய்வதற்காக உள்ளே கலக்கும் பொருள், ஸ்ப்ரே பெயிண்டோடு சேர்ந்துகொண்டால் காயவே காயாது. எனக்கு ஒரு வல்ச்சர் தலை இப்படித்தான் போனது. ஆறு மாதம் கழித்தும் வீட்டுத் தூசியெல்லாம் அதில்தான் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுப் பொறுமையாகத் தேயுங்கள். தின்னரும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம், கெட்டியான ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் பாகங்கள் கரைந்துவிடும். அடுத்த முறை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் பொம்மையைக் கழுவிக் காயவைத்து, அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர் கலந்து மெல்லிய பூச்சாக நாலைந்து முறை கொடுங்கள். மூட்டு உரசும் இடங்களை மட்டும் முன்கூட்டியே உப்புத்தாளால் ஒரு மயிரிழை தேய்த்துக்கொண்டால், கையை அசைக்கும்போது வண்ணம் உரியாது.

தலையைக் கழற்ற இழுக்காதீர்கள், உள்ளிருக்கும் குமிழ் முறிந்துவிடும். சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி வைத்தால், ரப்பர் போல இளகித் தானாகவே கழன்று வரும்.

காதுக்கு எம்-சீல் போதும். இரண்டு பகுதியையும் ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் போலத்தான் நம் பேச்சைக் கேட்கும், அப்புறம் இறுகத் தொடங்கிவிடும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு காதுக்கு மட்டும் பிசைவது நல்லது. தலையில் ஊசியால் துளை போட்டு, பல்குத்தியின் முனையை ஃபெவிக்விக்கில் நட்டு, அதன்மேல் காதைக் கட்டுங்கள். வெறும் எம்-சீலை ஒட்டினால் ஒருமுறை கீழே விழுந்ததும் உதிர்ந்துவிடும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவினால் வழவழப்பு வரும். மறுநாள் உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். உங்களுக்கு எந்த ஸ்பைடர் வேண்டும்? குற்ற உலகத்துக்கே தலைவனாக வேண்டும் என்று விஞ்ஞானி பெல்காமையும் பெட்டகம் உடைக்கும் ஆர்டினியையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிய ஆரம்பகாலத்தவனா? பிறகு மனம் மாறி மற்ற வில்லன்களோடு மோதியவனா? நீங்கள் வில்லன் என்று எழுதியதால் முதலாமவன் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் தலை முன்னால் தாழ்ந்திருக்க வேண்டும், கண் மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். கழுத்துக் குமிழின் முன்பக்கம் கொஞ்சம் செதுக்கினால் தலை இன்னும் குனியும். வாயைத் திறந்து சிரிக்க வைக்காதீர்கள். ஒரு ஓரம் மட்டும் ஏறிய மூடிய வாய் போதும்.

சிறிய அளவில் செய்ய ஆசை இருந்தால் ஃபன்ஸ்கூல் வெளியிட்ட பழைய ஜி.ஐ.ஜோ பொம்மைகளைத் தேடுங்கள். முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ, இடுப்புக்குள்ளே ஒரு ரப்பர் வளையம். ஸ்க்ரூவைக் கழற்றினால் மொத்த உடம்பும் பிரிந்து, ஒருவன் கையை இன்னொருவனுக்கு மாற்றலாம். பசையே தேவையில்லை. எனக்கு இந்தப் பழக்கம் வந்ததே அந்த ஸ்க்ரூவால்தான். வளையம் இற்றுப்போயிருந்தால் ஹார்ட்வேர் கடையில் குழாய்க்குப் போடும் ஓ-ரிங்கில் அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த அளவில் காது செய்ய உங்களுக்கும் எனக்கும் கண் இடம் கொடுக்குமா என்பது சந்தேகம். ஆறு இஞ்சே இருக்கட்டும்.

ஸ்பைடரின் ஆயுதமான வலைத் துப்பாக்கிக்கு எதுவும் வாங்க வேண்டாம். தீர்ந்துபோன பால் பாயிண்ட் பேனாவின் முனை, உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங், பழுதான ரேடியோவின் குமிழ் ஒன்று இருந்தால் நன்றாக வந்துவிடும்.

கைகளை மட்டும் இப்போதே ஒட்டிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பவை முஷ்டி பிடித்த கைகள் என்று நினைக்கிறேன், சூப்பர் ஹீரோ பொம்மைகளுக்கு அதுதான் வழக்கம். ஸ்பைடருக்கு விரல்கள் விரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஜோடி கிடைக்கும்வரை மணிக்கட்டைக் காலியாக விட்டு, மற்ற வேலையை முடியுங்கள். காது நட்டதும் மறுபடியும் டார்ச்சை வைத்து, சுவரில் விழும் நிழலை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பொம்மையின் படம் இப்போது வேண்டாம்.

அன்புடன்.