வன்னிக் காட்டில் செடிகொடிகளை இனங்காணல்: கேள்வி பதில்

கேள்வி (வவுனியா, மாணவர்): ஐயா, கற்குன்றுகளில் ஏறும்போது கைப்பேசிச் செயலியால் படமெடுத்துத் தாவரங்களின் பெயரை அறிகிறோம். அதை நம்பலாமா?

பதில்: செயலி சொல்வதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாதி வரட்சியில் பல மரங்களில் பூவோ காயோ இராது. வெறும் இலையின் படத்தைக் கொண்டு செயலி தடுமாறுவது இயல்பே. இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா, மாறிமாறி நிற்கின்றனவா, காம்பை முறித்தால் பால் வடிகிறதா, கசக்கினால் மணக்கிறதா என்பவற்றை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதிரை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிற்றிலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியது போன்ற புள்ளிகள் தெரியும், கசக்கினால் மணக்கும். விளா, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே அதற்குக் காரணம். அந்த மணம் எந்தப் படத்திலும் பதியாது.

கேள்வி (நெடுங்கேணி): பழமில்லாத காலத்தில் பாலை மரத்தையும் வீரை மரத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பாலையின் இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும், ஒவ்வோர் இலையின் முனையும் சற்று உள்வாங்கியிருக்கும், முறித்தால் பால் வரும். வீரையில் பால் இல்லை. முதிய வீரையின் அடிமரம் நீளவாட்டில் ஆழமாகக் குடைந்து, பல தண்டுகள் ஒட்டிக்கொண்டது போல இருப்பதால், தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். பழக்காலத்தில் ஐயமே எழாது: பாலைப்பழம் மஞ்சள், வீரைப்பழம் செம்மஞ்சள் கலந்த சிவப்பு. ஆனால் வைகாசி, ஆனியில் பாலையடிக்குச் செல்வோர் முதலில் மரத்தின் மேலே பார்க்க வேண்டும். கரடிக்கு அந்தப் பழத்தில் நம்மைவிட ஆசை அதிகம், மரமேறியும் தின்னும்.

கேள்வி (ஒட்டுசுட்டான், ஆசிரியை): பாறை இடுக்கில் நாற்பட்டைத் தண்டுள்ள செடியொன்றைப் பிரண்டை என்று பிள்ளைகள் பிடுங்கப் பார்த்தார்கள். அது பிரண்டைதானா?

பதில்: முள் இருந்ததா என்று பாருங்கள், ஆசிரியை. பிரண்டை கணுவுக்குக் கணு ஒடுங்கி, பற்றுக்கம்பியால் பிடித்துப் படரும் கொடி. அதில் முள்ளுமில்லை, பாலுமில்லை. சதுரக்கள்ளி விளிம்பெங்கும் இரட்டை முட்களுடன் நிமிர்ந்து நிற்கும். கீறினால் வெண்பால் பெருகும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கேள்வி (மாங்குளம்): மழைக்குப் பின் வேலியோரம் தோண்டும்போது கலப்பை வடிவில் ஒரு கிழங்கு கிடைத்தது. அவித்துத் தின்னலாமா?

பதில்: தின்னவே கூடாது. நீங்கள் விவரிக்கும் வடிவம் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கினுடையது; கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்ததே. பூக்காத காலத்திலும் அந்தக் கொடியை இலையால் அறியலாம், ஏனெனில் இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அயலிலுள்ள செடியைப் பிடித்துக்கொள்ளும். கொடியின் எல்லாப் பாகங்களிலும் கொல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. அவிப்பதால் கிழங்கு பாதுகாப்பானதாகிவிடாது. தின்றவருக்குச் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமலிருந்து பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கக்கூடும். ஆகையால் அறிகுறிக்குக் காத்திராமல், மிஞ்சிய கிழங்குத் துண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி (மடு): பூனைக்காலி பட்டு உடம்பெல்லாம் அரிக்கிறது. என்ன செய்வது?

பதில்: தேய்க்காதீர்கள், சுனை (காயின் மேலுள்ள அரிக்கும் நுண்மயிர்) இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டுநாடாவை மெதுவாக ஒட்டி உரித்துச் சுனையை அகற்றிய பின் கழுவுங்கள். உடுப்பையும் மாற்றுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): அரிய செடியொன்று பாதைக்கு அப்பால் தெரிந்தால் இறங்கிப் பார்க்கலாமா?

பதில்: வன்னியில் கூடாது. போர் 2009இல் முடிந்தாலும் நிலக்கண்ணிகளும் வெடிக்காத குண்டுகளும் எல்லா இடத்திலும் அகற்றப்பட்டுவிட்டன என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆட்கள் நாளாந்தம் நடக்கும் தடத்தில் நின்றபடி தொலைநோக்கியால் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கைப் பலகை தென்பட்டால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். தொலைநோக்கியில் இலையமைப்பு தெளிவாகத் தெரியாவிட்டால், குறிப்பேட்டில் இடத்தையும் மாதத்தையும் எழுதிக்கொண்டு, அதே செடி தடத்தோரம் கிடைக்கும்வரை பெயரிடாமல் விட்டுவிடுவதே என் வழக்கம்.